படிப்பு முடிந்த மறுநாள்: டொராண்டோவில் பிசினஸ் படிக்க வருகிறவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எனக்கு வாட்ஸ்அப்பில் செய்திகள் வரத் தொடங்கிவிடும். சித்தி பையனின் நண்பன், அப்பாவோடு வேலை பார்த்தவரின் மகள், ஊரில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள். பி.காம். முடித்தவர்கள் அடுத்த சுற்றில் வருவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, டொராண்டோவில் பிசினஸ் படிக்க எந்த யுனிவர்சிட்டி நல்லது?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான். ஆனால் அப்பா அம்மாவின் சேமிப்பும் உங்கள் வாழ்க்கையில் சில வருடங்களும் இதில் அடங்கியிருக்கின்றன. பொறுமையாகப் படியுங்கள், முடிந்தால் வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். யுனிவர்சிட்டியின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். படிப்பு முடிந்த மறுநாள் உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். என்ன வேலைக்குப் போகப் போகிறீர்கள், எத்தனை வருடம் இங்கே வேலை செய்ய அனுமதி இருக்கும், எவ்வளவு கடன் மிச்சம் இருக்கும். இந்த மூன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்தால் எந்த இடம் என்பது தானாகவே சுருங்கி இரண்டு மூன்று பெயர்களில் வந்து நிற்கும்.

முதலில் பட்டத்தின் வகை

2024 வரை ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருந்தது. பி.காம். அல்லது பி.பி.ஏ. முடித்துவிட்டு, இங்குள்ள ஒரு காலேஜில் புராஜெக்ட் மேனேஜ்மென்ட், சப்ளை செயின், குளோபல் பிசினஸ் என்று ஏதாவது ஒரு போஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட்டில் சேர்வது. யுனிவர்சிட்டியைவிடக் கட்டணம் குறைவு, சேர்வதும் எளிது, முடித்ததும் வொர்க் பெர்மிட். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அப்படி வந்தார்கள். நல்ல வேலையில் அமர்ந்து வீடு வாங்கியவர்களும் அவர்களில் உண்டு.

அந்த வழியை வைத்துத்தான் இன்னும் பல ஏஜென்ட்டுகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பிசினஸ் மாணவர்களுக்கு அது கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் டிப்ளமோவோ சர்டிபிகேட்டோ படித்தால், அந்தப் படிப்பு அரசு வெளியிட்டிருக்கும் துறைப் பட்டியலில் இருந்தால்தான் படிப்புக்குப் பிந்தைய வொர்க் பெர்மிட் கிடைக்கும். விவசாயம், மருத்துவம் சார்ந்த படிப்புகள், அறிவியல் தொழில்நுட்பம், கைத்தொழில்கள், போக்குவரத்து என்று அந்தப் பட்டியல் போகிறது. பெரும்பாலான வணிகப் படிப்புகளுக்கு அதில் இடமில்லை.

இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டங்களுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது. அதனால் பிசினஸ் படிக்க வருகிறவர்கள் இன்று முதலில் கேட்க வேண்டிய கேள்வி, முடிவில் கிடைப்பது டிகிரியா, டிப்ளமோவா என்பதுதான். செனெகா, ஹம்பர் மாதிரியான காலேஜ்களில் வணிகத்தில் முழு டிகிரியும் உண்டு, சர்டிபிகேட்டும் உண்டு. ஒரே வளாகம், ஒரே கேன்டீன். வெளியே வரும்போது ஒருவருக்கு வொர்க் பெர்மிட் இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது.

இன்னும் சில விதிகளையும் மனதில் வையுங்கள். இந்த வொர்க் பெர்மிட் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதற்கு விண்ணப்பிக்கும்போது மொழித்தேர்வும் உண்டு. யுனிவர்சிட்டி டிகிரி என்றால் பேசுதல், கேட்டல், படித்தல், எழுதுதல் நான்கிலும் சி.எல்.பி. என்ற கனடா மொழித்திறன் அளவில் 7 வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருடத்துக்கும் குறைவான மாஸ்டர்ஸ் படிப்புக்கும் மூன்று வருட வொர்க் பெர்மிட் கிடைக்க வழி உண்டு. கல்யாணம் ஆனவர்கள் கவனியுங்கள்: 2025 ஜனவரி 21 முதல், 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் மாஸ்டர்ஸ், பிஎச்.டி., அரசு குறிப்பிட்டிருக்கும் சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் படிப்பவர்களின் கணவன் அல்லது மனைவிக்குத்தான் வேலை அனுமதி. 12 மாத மாஸ்டர்ஸ் மலிவாகத் தெரியலாம். துணையோடு வருகிறவர்களுக்கு அந்த நான்கு மாத வித்தியாசம் மிகப் பெரியது.

பிசினஸ் என்றால் எது?

"பிசினஸ் படிக்கணும்" என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் அடுத்துக் கேட்பது, காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போக ஆசை என்று. கணக்குத் தணிக்கையா, வங்கியா, ஏற்றுமதியா, விளம்பரமா, டேட்டாவா? இதற்குப் பதில் இல்லாமல் தேடினால் எல்லா யுனிவர்சிட்டியும் ஒரே மாதிரி பளபளப்பாகத்தான் தெரியும்.

டொராண்டோவில் மூன்று பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் பிசினஸ் படிக்கலாம். டொராண்டோ பல்கலைக்கழகம், யார்க் பல்கலைக்கழகம், டொராண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம். மூன்றாவதன் பழைய பெயர் ரையர்சன், 2022-ல் மாறியது. பழைய வீடியோக்களில் ரையர்சன் என்று வந்தால் குழம்ப வேண்டாம்.

டொராண்டோ பல்கலைக்கழகம் என்று ஒரே பெயராகச் சொன்னாலும் இளங்கலை பிசினஸுக்கு அது மூன்று வெவ்வேறு இடங்கள். நகரின் நடுவில் செயின்ட் ஜார்ஜ் வளாகத்தில் ராட்மன் காமர்ஸ். கிழக்கே ஸ்கார்பரோ வளாகத்தில் மேனேஜ்மென்ட், அதில் கோ-ஆப் (படிப்புக்கு நடுவே வேலைப்பயிற்சி) சேர்ந்த பி.பி.ஏ. பெயர் பெற்றது. மேற்கே மிசிசாகா வளாகத்தில் காமர்ஸ், மேனேஜ்மென்ட் இரண்டும். பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றுதான். பாடத்திட்டம், சேர்க்கை, வேலைப்பயிற்சி மூன்றும் தனித்தனி. வேலைப்பயிற்சி முக்கியம் என்று நினைக்கும் மாணவருக்கு ஸ்கார்பரோ பொருத்தமாக இருக்கலாம். நடுநகரத்தில், பே ஸ்ட்ரீட் வங்கிகளுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பவருக்கு ராட்மன் காமர்ஸ்.

யார்க்கின் பிசினஸ் பள்ளிக்கு ஷுலிக் என்று பெயர். இங்குள்ள நிறுவனங்களில் நல்ல மதிப்பு உண்டு. அதன் கீல் வளாகத்துக்கு 2017 டிசம்பரிலிருந்து சப்வே நேராகப் போகிறது. அதற்கு முன்பு அங்கே படித்தவர்கள் பஸ்ஸிலேயே பாதி நாளைக் கழித்தோம் என்பார்கள். டொராண்டோ மெட்ரோபாலிட்டனின் டெட் ராஜர்ஸ் பள்ளி பே தெருவும் டண்டாஸ் தெருவும் சந்திக்கும் இடத்தில், நகரத்தின் நடு மையத்தில் இருக்கிறது. நடைமுறைப் பயிற்சியில் அக்கறை உள்ள பள்ளி.

பி.காம். முடித்தவர்களுக்கு எம்.பி.ஏ. மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ராட்மன் பள்ளியில் மேனேஜ்மென்ட் அனலிட்டிக்ஸ், பைனான்ஷியல் ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று தனி மாஸ்டர்ஸ் இருக்கின்றன. ஷுலிக்கில் சப்ளை செயினுக்குத் தனி மாஸ்டர்ஸ் இருக்கிறது. இளங்கலையில் பிசினஸே படிக்காதவர்களுக்கு மாஸ்டர் ஆஃப் மேனேஜ்மென்ட்டும் இருக்கிறது. மிசிசாகா வளாகத்தில் கணக்கியல் தொழிலுக்கென்றே ஒரு மாஸ்டர்ஸ். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் வீட்டுப் பிள்ளைக்கும் தி.நகரில் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்த பிள்ளைக்கும் ஒரே படிப்பு எப்படிப் பொருந்தும்?

எம்.பி.ஏ.தான் வேண்டும் என்றால் ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்வேன். ஊரில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வாருங்கள். இங்குள்ள நல்ல எம்.பி.ஏ. வகுப்புகள் வேலை அனுபவத்தை எதிர்பார்க்கின்றன. பக்கத்து இருக்கையில் இருப்பவர் வங்கியில் ஐந்து வருடம் கடன் பிரிவைப் பார்த்தவராக இருப்பார். வகுப்பில் விவாதம் நடக்கும்போது சொல்வதற்கு உங்களிடமும் ஏதாவது இருக்க வேண்டும். கோயம்புத்தூரிலோ கொழும்பிலோ ஒரு நிறுவனத்தில் நீங்கள் பார்த்த சரக்குத் தட்டுப்பாடும் வராக்கடனும் இங்கே நல்ல மூலதனம். வேலை தேடும்போதும் "இதற்கு முன் என்ன செய்தீர்கள்" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

கணக்குப் பாடத்தை மறக்காதீர்கள்

பிளஸ் ஒன் சேரப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக இந்தப் பத்தி. நம் ஊரில் காமர்ஸ் குரூப் என்றால் கணக்கிலிருந்து தப்பித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ராட்மன் காமர்ஸ் மாதிரியான படிப்புகள் 12-ம் வகுப்பில் கால்குலஸ் படித்திருக்க வேண்டும் என்கின்றன. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்து 98 விழுக்காடு வாங்கினாலும் கணக்கு இல்லையென்றால் அந்தக் கதவு திறக்காது. வணிகக் கணிதம் எடுத்திருக்கிறீர்களா? அது ஏற்கப்படுமா என்று அட்மிஷன் ஆபீஸுக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். மூன்று வருட பி.காம். முடித்தவர்களும் அப்படித்தான், சில மாஸ்டர்ஸ் படிப்புகள் மூன்று வருட டிகிரியை ஏற்கும், சில நான்கு வருடம் கேட்கும். பதில் எழுத்தில் வரட்டும். அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்: காகிதத்தை எடுங்கள்

இந்த இடத்தில் ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கனடா டாலரை 60 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம்.

ஸ்டடி பெர்மிட்டுக்கு, கல்லூரிக் கட்டணமும் பயணச் செலவும் போக, ஒருவருடைய வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் காட்ட வேண்டிய தொகை பல வருடங்களாக 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 ஆனது. 2025 செப்டம்பரிலிருந்து 22,895. நம் பணத்தில் சுமார் 13 லட்சத்து 70 ஆயிரம். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவருக்கு இளங்கலை வணிகப் படிப்பின் கட்டணம் வருடத்துக்கு 60,000 டாலருக்கு மேல். அதாவது 36 லட்சம். இரண்டையும் கூட்டினால் வருடத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம், நான்கு வருடத்துக்கு இரண்டு கோடி. யார்க்கிலும் மெட்ரோபாலிட்டனிலும் இதைவிடக் குறைவு, ஆனாலும் பெரிய தொகைதான்.

"பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால், அதே காகிதத்தில் இதையும் எழுதுங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஒன்டாரியோவில் 2025 அக்டோபர் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். பெருக்கினால் வாரத்துக்கு 422 டாலர் 40 சென்ட். 52 வாரமும் ஒரு நாள்கூட விடாமல், காய்ச்சல் வந்தாலும் பரீட்சை இருந்தாலும் போனால், பிடித்தங்களுக்கு முன் 21,965 டாலர் வரும். அரசாங்கம் வாழ்க்கைச் செலவு என்று கேட்கிற 22,895-ஐக்கூட அது தொடவில்லை. கட்டணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. விடுமுறைக் காலங்களில் கூடுதல் நேரம் வேலை செய்யலாம் என்பது உண்மை. அந்த வேலை கிடைக்க வேண்டும் என்பதும் உண்மை. பார்ட் டைம் சம்பளம் மளிகைக்கும் பஸ் பாஸுக்கும் உதவும். கட்டணத்துக்கு அதை நம்பி ஒருபோதும் வராதீர்கள்.

உதவித்தொகைகளைத் தேடுங்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் பி. பியர்சன் உதவித்தொகை, வெளிநாட்டு மாணவர் ஒருவரின் நான்கு வருடக் கட்டணம், புத்தகம், விடுதி என்று எல்லாவற்றையும் ஏற்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் வருடத்துக்கு ஏறக்குறைய 37 பேருக்குத்தான் கிடைக்கும், கடும் போட்டி. ஆனால் நம் பிள்ளைகள் பலர் தோற்பதற்கு முன்பே வெளியே நிற்கிறார்கள். காரணம், இதற்கு மாணவர் தானாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும், அதுவும் ஒரு பள்ளிக்கு ஒருவரை. பிளஸ் டூ படிக்கும்போதே, காலாண்டுத் தேர்வு முடிவதற்குள், உங்கள் தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். அவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். யார்க்கிலும் பிரசிடெண்ட்ஸ் இன்டர்நேஷனல் ஸ்காலர்ஷிப் ஆஃப் எக்ஸலன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதையும் பாருங்கள்.

ஒரு ஆஃபர் லெட்டரைப் படித்த கதை

சில மாதங்களுக்கு முன் கரூரிலிருந்து ஒரு தங்கை தனக்கு வந்த ஆஃபர் லெட்டரை அனுப்பியிருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாயிற்று. "அக்கா, ஏஜென்ட் அண்ணா எல்லாம் பக்காவா இருக்குன்னு சொல்லிட்டார், நீங்களும் ஒரு தடவை பாருங்க" என்றாள். வீடியோ காலில் இருவரும் வரிவரியாகப் படித்தோம்.

முதலில் டி.எல்.ஐ. எண். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இப்படி ஒரு எண் உண்டு, 'ஓ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அது சரியாக இருந்தது. அடுத்து, என்ன பட்டம். தலைப்பில் பெரிதாக பிசினஸ் மேனேஜ்மென்ட் என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில் சர்டிபிகேட் என்று இருந்தது. அவள் அதுவரை எம்.பி.ஏ.வுக்குச் சமம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள். மூன்றாவது, வகுப்பு நடக்கும் முகவரி. கல்லூரியின் பெயர் டொராண்டோவைச் சேர்ந்ததாகத் தெரிந்தது, முகவரி ஒரு வணிக வளாகத்தின் மாடி. நான்காவது, கட்டணத்தைத் திரும்பப் பெறும் விதி. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஏஜென்ட் அந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்பவே இல்லை. கல்லூரிக்கே எழுதி வாங்கினோம்.

அந்தப் படிப்புக்கு வொர்க் பெர்மிட் கிடைக்காது என்று தெரிந்ததும் அவள் அழுதாள். அவளுடைய அப்பா பின்னாலிருந்து, "பணம் இன்னும் கட்டலைம்மா, விடு" என்றார். இப்போது ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே அடுத்த வருட மாஸ்டர்ஸுக்குத் தயாராகிறாள். எல்லோருக்கும் இப்படி நேரத்தில் தெரிந்துவிடுவதில்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஏஜென்ட்டுகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான ஏஜென்ட்டுகளுக்கு வருமானம், நீங்கள் சேரும் கல்லூரி தரும் கமிஷனிலிருந்து வருகிறது. கமிஷன் தராத கல்லூரியை அவர்கள் ஏன் காட்டப்போகிறார்கள்? 2023-ல் பஞ்சாபைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் போலி ஆஃபர் லெட்டரால் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். பலருக்கு அது போலி என்றே தெரிந்திருக்கவில்லை. அந்த வருடம் டிசம்பர் முதல் ஒவ்வொரு லெட்டரையும் கல்லூரியிடமே குடிவரவுத் துறை சரிபார்க்கிறது. காசு வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு ஆலோசனை சொல்கிறவர், வழக்கறிஞராக இல்லாவிட்டால், பொதுவாக ஆர்.சி.ஐ.சி. என்ற குடிவரவு ஆலோசகர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ஏஜென்ட்டின் பெயரை அதில் தேடிப் பார்ப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கல்லூரிகளின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்டாரியோ அரசு 2019-ல் உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 விழுக்காடு குறைத்து அப்படியே நிறுத்தி வைத்தது. கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தை நம்பத் தொடங்கின. மாகாணத் தலைமைத் தணிக்கையாளரின் 2021 அறிக்கை, அரசுக் கல்லூரிகளின் மாணவர்களில் 30 விழுக்காடாக இருந்த வெளிநாட்டவரிடமிருந்து கட்டண வருவாயில் 68 விழுக்காடு வருகிறது என்று காட்டியது. உங்களை வரவேற்கும் வண்ணப் பிரசுரத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. 2024-ல் கனடா அரசு ஸ்டடி பெர்மிட்டுக்கு உச்சவரம்பு கொண்டுவந்ததும் பல கல்லூரிகள் படிப்புகளையே நிறுத்தி வைத்தன. ஆகவே நீங்கள் சேரும் படிப்பு நீங்கள் முடிக்கும்வரை நடக்குமா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இந்த உச்சவரம்பில் மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு ஒரு நல்ல சேதி: 2026 ஜனவரி முதல், அரசு அங்கீகாரம் பெற்ற பொதுப் பல்கலைக்கழகங்களில் மாஸ்டர்ஸ், பிஎச்.டி. சேர்பவர்கள் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க மாகாண ஒப்புதல் கடிதம் தேவையில்லை. இளங்கலைக்கு வருகிறவர்களுக்குத் தேவை.

கோ-ஆப், ஊர், உறவுகள்

கோ-ஆப் என்றால் படிப்புக்கு நடுவே நான்கு நான்கு மாதமாகச் சம்பளத்தோடு வேலை பார்ப்பது. 1957-ல் வாட்டர்லூ பல்கலைக்கழகம் இந்த முறையோடுதான் பிறந்தது. இன்று ஒன்டாரியோ முழுக்கப் பரவியிருக்கிறது. பிசினஸ் மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் பல்கலைக்கழகம் வேலையைக் கையில் வைத்துக் கொடுக்காது. ரெஸ்யூமே எழுதவும் நேர்காணலுக்குத் தயாராகவும் பழக்கும், விளம்பரங்களைக் காட்டும், போட்டியிட வேண்டியது நீங்கள்தான். அதனால் கோ-ஆப் அலுவலகத்திடம் கேளுங்கள்: கடந்த வருடம் வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, எந்த நிறுவனங்களில்? மொத்த மாணவர்களின் எண்ணிக்கையைச் சொன்னால், வெளிநாட்டு மாணவர்களின் கணக்கைத் தனியாகக் கேளுங்கள்.

தமிழர்கள் நிறைய இருக்கும் ஊர் என்பதற்காக ஸ்கார்பரோவைத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அது ஒன்றே காரணமாக இருக்கக் கூடாது, ஆனால் அது சின்ன விஷயமும் இல்லை. முதல் பனிக்காலத்தில் இடியாப்பமும் சொதியும் கிடைக்கும் கடை, வாடகை அறை தேடித் தரும் ஈழத்து அண்ணன், கோயிலில் தலையைத் தடவி "சாப்பிட்டனீங்களோ பிள்ளை" என்று கேட்கும் அம்மா. இந்த நகரத்தைத் தமிழருக்கு வாழும் இடமாக்கியவர்கள் போரிலிருந்து தப்பி வந்து, தொழிற்சாலைகளில் நின்று உழைத்த அந்தத் தலைமுறைதான். ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கான 30 லட்சம் டாலரை 2021-ல் திரட்டி முடித்தார்கள் என்றால், அதில் அவர்கள் தந்த சின்னச் சின்னத் தொகைகள் எத்தனை! தமிழ்நாடு அரசும் ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. இந்த ஊரில் நீங்கள் அநாதையாக வந்து இறங்க மாட்டீர்கள்.

கடைசியாக, தம்பி தங்கைகளே, இப்படிச் செய்யுங்கள். இந்த வாரம் லிங்க்ட்இன்னில் போய், நீங்கள் விரும்பும் வேலையில் டொராண்டோவில் இருக்கும் தமிழர்கள் சிலரைத் தேடுங்கள். அவர்கள் எங்கே, என்ன படித்தார்கள் என்று பாருங்கள். மரியாதையாக ஒரு செய்தி அனுப்பி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று என் வயதில் இருந்தால் எதைப் படிப்பீர்கள்?" பலர் பதில் எழுதுவார்கள். பிறகு குடிவரவுத் துறையின் இணையதளத்தில் விதிகளை நீங்களே படியுங்கள், ஏனென்றால் 2024-க்குப் பிறகு அவை அடிக்கடி மாறுகின்றன. அந்தப் பதில்களையும் காகிதத்தில் போட்ட கணக்கையும் அப்பா அம்மாவின் முன் வைத்துப் பேசுங்கள். கணக்கு சரிவந்தால் தைரியமாக வாருங்கள். சரிவராவிட்டால் ஊரிலேயே ஒரு நல்ல வேலையில் சேர்ந்து, சம்பாதித்து, அனுபவத்தோடு மாஸ்டர்ஸுக்கு வாருங்கள். இரண்டு வருடம் தள்ளி வந்தவர் யாரும் கெட்டுப்போனதாக நான் பார்த்ததில்லை. கடனைத் தோளில் சுமந்துகொண்டு, வொர்க் பெர்மிட் கிடைக்காத சர்டிபிகேட்டோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆஃபர் லெட்டர் வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.